அபாகஸ் வகுப்பு: மூன்றாம் வகுப்பு எடுத்த டீச்சர் போடும் மதிப்பெண்

மதிப்பெண்ணை முதலிலேயே போட்டுவிடுகிறேன். நேரமில்லாதவர்கள் இதோடு கிளம்பலாம். கூட்டல் கழித்தல் வேகத்துக்கு 10க்கு 9. சொல்லித்தரும் மிஸ்ஸுக்கு 10க்கு 10. பிள்ளைகளை உட்காரவைத்திருக்கும் விதத்துக்கு 4. நோட்டீஸில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் "ஞாபகசக்தி, கவனம், முழு மூளை வளர்ச்சி" என்ற வரிக்கு முட்டை.

நான் திருச்சி மாவட்டத்தில் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். பணிக்காலத்தில் பெரும்பகுதி மூன்றாம் வகுப்புதான். பேரனுக்கு இப்போது 8 வயது, அவனும் மூன்றாவது. மணிச்சட்டத்தை வைத்துக் கணக்குப் போடப் பழக்கும் இந்த அபாகஸ் வகுப்பில் சேர்த்தது மருமகள். "அத்தை, அவன் செட்டுல பாதிப் பேரு அபாகஸ் போறாங்க, இவன் மட்டும் இன்னும் விரல் விட்டு எண்ணிக்கிட்டு இருக்கான்" என்றாள். மூன்றாம் வகுப்புப் பிள்ளை விரல் விட்டு எண்ணுவது ஒன்றும் குற்றமில்லை என்று சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை. கொண்டுபோய் விட்டுக் கூட்டி வரும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. வெளியே செருப்புகளுக்குக் காவல் இருப்பதைவிட உள்ளே உட்காருகிறேனே என்று மிஸ்ஸிடம் கேட்டேன். "வாங்கம்மா, பின்னாடி சேர் இருக்கு" என்றார். அப்படி உட்கார்ந்து பார்த்ததைத்தான் எழுதுகிறேன்.

வகுப்பின் பெயரைப் போடப்போவதில்லை. இதே நோட்டீஸும் இதே மாதிரி டீ-சர்ட்டும் உங்கள் தெருமுனையிலும் இருக்கும். எங்களுக்கு மாதம் 900 ரூபாய், சேரும்போது மணிச்சட்டம், புத்தகம், பை, டீ-சர்ட் சேர்த்து 1,500. அந்தப் பை இரண்டாம் மாதமே ஜிப் போய்விட்டது. டீ-சர்ட் பரவாயில்லை.

சாமானைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 17 கம்பி உள்ள சட்டம். நடுவில் ஒரு குறுக்குப் பட்டை. பட்டைக்கு மேலே கம்பிக்கு ஒரு மணி, அதன் மதிப்பு 5. கீழே நாலு மணி, ஒவ்வொன்றும் 1. ஆக ஒரு கம்பியில் 0 முதல் 9 வரை காட்டலாம். இது ஜப்பானியர் பழக்கத்தில் வந்த அமைப்பு. சீனர்களின் பழைய சட்டத்தில் மேலே இரண்டு, கீழே ஐந்து மணி இருக்கும். சீனர்களின் அந்த மணிக்கணக்கு முறையை 2013ல் யுனெஸ்கோ பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. ஜப்பானியர் கூடுதல் மணிகளைக் கழற்றிவிட்டார்கள். கழற்றியதில்தான் சூட்சுமமே இருக்கிறது. ஐந்தைக் கீழேயே வைத்துக்கொள்ள முடியாது, பத்தை ஒரே கம்பியில் தேக்கிவைக்கவும் முடியாது. ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரே ஒரு தோற்றம்தான்.

நாங்கள் பள்ளியில் வைத்திருந்தது வேறு மாதிரி. ஒரு கட்டையில் நட்ட ஆணிகள், ஒன்று, பத்து, நூறு, கோத்துப் போட வளையமணிகள். 2007-08ல், பிள்ளைகள் தாங்களே செய்து பார்த்துப் படிக்கும் செயல்வழிக் கற்றல் மாநிலம் முழுக்க வந்தபோது அட்டைகளோடு இந்த ஆணிமணிச்சட்டமும் வகுப்பில் புழங்கியது. அதில் ஒன்றாம் ஆணியில் பத்து மணி சேர்ந்தால் பத்தையும் உருவிவிட்டு அடுத்த ஆணியில் ஒன்று போட வேண்டும். மெதுவான வேலை. ஆனால் பத்து ஒன்றுகள் ஒரு பத்தாக மாறுவதைப் பிள்ளை தன் கையாலேயே செய்து பார்க்கிறது. இட மதிப்பைச் சொல்லிக்கொடுக்க அதற்கு மிஞ்சியது இல்லை, வேகத்துக்கு அது உதவாது. அபாகஸ் வகுப்புச் சட்டம் நேர் எதிர்.

வேகம் எப்படி வருகிறது என்று பாருங்கள். சட்டத்தில் 8 இருக்கிறது. அதாவது மேல்மணி ஒன்றும் கீழ்மணி மூன்றும் பட்டையை ஒட்டி நிற்கின்றன. இதோடு 6 கூட்ட வேண்டும். ஆறுக்கு அங்கே இடமில்லை. ஆறின் "பெரிய நண்பர்" 4, இரண்டும் சேர்ந்தால் 10. எனவே நாலை எடு, பக்கத்துக் கம்பியில் பத்தைப் போடு. நாலை எடுக்கலாம் என்றால் கீழே மூன்றுதான் இருக்கிறது. நாலின் "சின்ன நண்பர்" 1, இரண்டும் சேர்ந்தால் 5. எனவே மேலே உள்ள ஐந்தை எடு, கீழே ஒன்றைப் போடு. இப்போது பத்துக் கம்பியில் ஒன்று, ஒன்றின் கம்பியில் நாலு. பதினாலு. எழுதிக் காட்ட எனக்கு இத்தனை வரி ஆனது. பேரன் கையில் இது கண் சிமிட்டுவதற்குள் முடிகிறது. கீழ்மணியை ஏற்ற கட்டைவிரல், இறக்க ஆள்காட்டி விரல், மேல்மணிக்கும் ஆள்காட்டி விரல். எந்த விரல் எதற்கு என்பதில் மிஸ் துளியும் விட்டுக்கொடுக்க மாட்டார். "விரல் தப்புனா விடை சரியா இருந்தாலும் தப்புதான்" என்பது அவர் சட்டம். எழுத்து எழுதப் பழக்கும்போது பென்சில் பிடிப்பில் நானும் இப்படித்தான் இருந்தேன் என்பதால் எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

சில மாதம் போனதும் சட்டத்தை எடுத்து வைத்துவிடுகிறார்கள். பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு வெறும் மேசையில் விரலை ஆட்டுகிறார்கள். மிஸ் எண்களை வாசித்துக்கொண்டே போகிறார்: 23, 41, 16, கழித்தல் 30, 57. கடைசி எண் வாயிலிருந்து முழுசாக வருவதற்குள் நாலைந்து கை மேலே போகிறது. 107. நான் காகிதத்தில் போட்டுச் சரிபார்த்தேன், சரி. ஒரு தடவை வீட்டில் அவன் இப்படிப் போட்டுக்கொண்டிருந்தபோது விளையாட்டாக அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். கணக்கு நின்றுவிட்டது. "விடு அப்பாயி, மணி போயிடுச்சு" என்று கத்தினான். விரலோடு சேர்ந்துதான் அந்த மணிகள் அவன் கண்ணுக்குள் நகர்கின்றன போலிருக்கிறது.

எந்த வயதில் சேர்க்கலாம்? எல்லாரும் கேட்பது இதைத்தான். வகுப்பில் 5 வயதிலிருந்து எடுக்கிறார்கள். எங்கள் தொகுதியில், அதாவது பேட்சில், ஒரு யூகேஜி குழந்தை இருக்கிறது. அது மணிகளை வண்ண வண்ணமாகப் பார்த்துக்கொண்டிருக்குமே தவிர, ஒரு மணி எப்படி ஐந்தாகும் என்பது அதற்கு எட்டவில்லை. ஆசிரியர் பயிற்சியில் எல்லாரும் படித்திருப்போம், குழந்தைகளின் சிந்தனையை ஆராய்ந்த ழான் பியாஜே ஏறக்குறைய 7 முதல் 11 வயது வரை உள்ள காலத்தைத் தனிப் பருவமாகப் பிரித்தார். கண்ணுக்குத் தெரிவதைத் தாண்டி, கையில் உள்ள பொருளை வைத்து முன்னும் பின்னும் யோசிக்கும் பருவம். எங்கள் வீட்டிலேயே செய்து பார்த்தேன். ஒரே அளவு டம்ளர் இரண்டில் ஒரே அளவு தண்ணீர். ஒன்றை டவராவில் கொட்டினேன். பேரனின் 5 வயதுத் தங்கை, டம்ளரில்தான் ஜாஸ்தி என்றாள், "உசரமா இருக்குல்ல". பேரன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். "அதே தண்ணிதானே அப்பாயி, திருப்பி ஊத்தினா அதே அளவு வரும்" என்றான். அந்தத் 'திருப்பி ஊத்தினா'தான் மூன்றாம் வகுப்புக் கணக்கின் அஸ்திவாரம். கூட்டலைத் திருப்பினால் கழித்தல், பெருக்கலைத் திருப்பினால் வகுத்தல், நாலைக் கூட்டுவதற்குப் பதில் ஐந்தைப் போட்டு ஒன்றை எடுத்தாலும் அதே. வயதுக் கோட்டை இவ்வளவு கறாராகப் போடக் கூடாது, கேள்வியை வேறு விதமாகக் கேட்டால் சின்னப் பிள்ளைகளும் சரியாகச் சொல்லும் என்று பின்னால் வந்தவர்கள் காட்டியிருக்கிறார்கள், அதுவும் உண்மைதான். ஆனாலும் காசு கொடுப்பவள் என்ற முறையில் என் யோசனை, இரண்டாம் வகுப்பு முடியட்டும். மணியைப் பிடிக்கும் விரலும் அப்போதுதான் பக்குவப்படுகிறது.

அடுத்து நோட்டீஸ். அதில் மூளைப் படம் ஒன்று, பாதி நீலம், பாதி சிவப்பு. இடது மூளை தர்க்கம், வலது மூளை கற்பனை, அபாகஸ் இரண்டையும் எழுப்பும் என்று போட்டிருக்கிறது. மூளையின் இரு பாதிக்கும் இணைப்பு துண்டிக்கப்பட்ட நோயாளிகளை ஆராய்ந்து ரோஜர் ஸ்பெர்ரி 1981ல் நோபல் பரிசு வாங்கினார். அந்த ஆராய்ச்சியை இழுத்து இழுத்துத்தான் விளம்பரக்காரர்கள் இந்தப் படத்தில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். இணைப்பு நன்றாக இருக்கும் பிள்ளைக்கு ஒரு பாதி தூங்கிக்கொண்டும் இன்னொரு பாதி விழித்துக்கொண்டும் இருப்பதில்லை. 6 வயதுக்குள் மூளை அளவில் பெரியவர்கள் மூளையின் பத்தில் ஒன்பது பங்கை எட்டிவிடுகிறது. அதன் பிறகு நடப்பது இணைப்புகள் சீராவது, பழக்கத்தால் வேகமாவது. யாரும் போய் எழுப்பத் தேவையில்லை.

இந்த ஞாபகசக்தி சமாசாரத்தை நம் நாட்டிலேயே சோதித்திருக்கிறார்கள். குஜராத்தில் வடோதராவில் ஒரு பள்ளியில், தொடக்கத்தில் 5 முதல் 7 வயதாக இருந்த 204 பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதிக்கு அபாகஸும் மற்றப் பகுதிக்குக் கூடுதலாக வழக்கமான கணக்குப் பாடமும் மூன்று ஆண்டு சொல்லிக்கொடுத்தார்கள். டேவிட் பார்னர் குழுவினர் 2016ல் வெளியிட்ட முடிவு இது: அபாகஸ் பிள்ளைகள் கணக்குப் போடுவதில் மற்றவர்களை முந்தினார்கள். ஞாபகத்தில் பிடித்துவைத்து வேலை செய்யும் திறன் போன்ற அடிப்படை அறிவுத் திறன்களில் வித்தியாசம் வரவில்லை. இன்னொன்றும் கண்டுபிடித்தார்கள், எனக்கு அதுதான் முக்கியம். இடத்தையும் உருவத்தையும் மனதில் பிடித்துவைக்கும் திறன் ஆரம்பத்திலேயே நன்றாக இருந்த பிள்ளைகளுக்குத்தான் அபாகஸ் நன்றாக ஒட்டியது. மேடையில் நிறுத்திக் காட்டும் சூட்டிகையான பிள்ளை அபாகஸால் சூட்டிகை ஆனதா, சூட்டிகையாக இருந்ததால் அபாகஸ் வந்ததா என்று கேட்டுப் பாருங்கள். மிஸ்ஸிடம் இதைச் சொன்னேன். சிரித்தார். "நோட்டீஸ் மேலேருந்து வருதும்மா, நான் கணக்குதான் சொல்லித் தரேன்" என்றார். அதனால்தான் அவருக்கு 10க்கு 10.

கணக்கு வருகிறதா என்றால், போடுவது வருகிறது. எதைப் போடுவது என்பது வரவில்லை. ஒரு நாள் அவனிடம் கேட்டேன்: "சத்திரம் பஸ் ஸ்டாண்டுல 4.45க்கு ஏறுனோம், துறையூர்ல 6.10க்கு இறங்குனோம். எவ்வளவு நேரம் பஸ்ஸுல இருந்தோம்?" கண்ணை மூடினான், விரல் ஆடியது, "1 மணி 65 நிமிஷம்". 610லிருந்து 445ஐக் கழித்தால் 165 சரிதான். மணிச்சட்டத்தில் பத்துக்குப் பத்துதான் உண்டு, அறுபது இல்லை. 65 நிமிஷம்னு ஒண்ணு உண்டாடா என்றேன். யோசித்தான். பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, 4.45லிருந்து 5 வரை கால் மணி, 5லிருந்து 6 வரை ஒரு மணி, மேலே பத்து நிமிஷம் என்று விரல் விட்டே எண்ணி 1 மணி 25 நிமிஷம் என்று வந்து சேர்ந்தான். வாய்க்கணக்கு எது கேட்டாலும் அவன் முதல் கேள்வி இப்போதெல்லாம் இதுதான்: "கூட்டணுமா கழிக்கணுமா சொல்லு அப்பாயி, போட்டுடறேன்." அதைத்தானடா ராஜா நான் உன்னைக் கேட்கிறேன்!

பள்ளியோடு ஒரு உரசலும் உண்டு, சேர்க்கும்போது யாரும் சொல்லாதது. மணிச்சட்டத்தில் கூட்டல் இடமிருந்து வலம் போகும், பெரிய இடம் முதலில். பள்ளியில் ஒன்றின் இடத்திலிருந்து ஆரம்பித்து, மீதி ஒன்றைத் தலைக்கு மேல் எழுத வேண்டும். பேரன் விடையை மட்டும் எழுதிவிட்டு வந்தான். வழிமுறை இல்லை என்று பள்ளியில் மதிப்பெண் குறைத்தார்கள். மருமகளுக்குக் கோபம். எனக்கு அந்த டீச்சர் பக்கம்தான் நியாயம் பட்டது. மீதி ஒன்று எங்கிருந்து வந்தது என்று பிள்ளை எழுதிக் காட்டினால்தானே புரிந்ததா என்று தெரியும். இப்போது வீட்டில் வாரம் சில கணக்கு இரண்டு விதமாகவும் போடச் சொல்கிறேன். பழைய ஆணிமணிச்சட்டம் மாதிரி ஒன்று செய்யலாமே என்று தெர்மாகோலில் ஊதுபத்திக் குச்சியை நட்டுப் பார்த்தோம். குச்சி நிற்கவில்லை, தீக்குச்சிக் கட்டுகளுக்கு மாறிவிட்டோம். பத்துக் குச்சிக்கு ஒரு ரப்பர் பேண்ட்.

உட்காரவைத்திருக்கும் விதத்துக்கு 4 மதிப்பெண் ஏன் என்று சொல்கிறேன். மாடி அறை, பெரியவர்கள் உட்காரும் பிளாஸ்டிக் நாற்காலி. 8 வயதுப் பிள்ளைக்குக் கால் தரையில் படவில்லை, மேசை மார்பு உயரத்துக்கு வருகிறது. தோளைத் தூக்கிக்கொண்டு மணியைத் தள்ளுகிறார்கள். இந்த வயதில் பிள்ளைகள் வருஷத்துக்கு 5, 6 சென்டிமீட்டர் வளர்வார்கள், ஒரு நாற்காலி அளவு எல்லாருக்கும் ஒத்துவராது என்பது உண்மை. காலுக்கடியில் ஒரு பலகை போடலாமே. கேட்டேன், பார்க்கலாம் என்றார்கள். அந்தப் பார்க்கலாம் அப்படியே இருக்கிறது.

முதலில் கிடைத்தது செவ்வாய், வியாழன் மாலை 6 மணித் தொகுதி. பள்ளி வேன் வீட்டுக்கு வருவதே நாலே முக்காலுக்கு. பால் குடித்து, உடை மாற்றி, கிளம்பினால் விளையாட்டு அவ்வளவுதான். 5 முதல் 17 வயது வரை உள்ளவர்கள் நாளுக்குச் சராசரி 60 நிமிடமாவது மூச்சு வாங்க ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 6 முதல் 12 வயதுக்குத் தூக்கம் 9 முதல் 12 மணி நேரம் வேண்டும். வெயில் வெளிச்சத்தில் இருக்கும் நேரம் குறைந்தால் கிட்டப்பார்வை வரும் வாய்ப்பு கூடும் என்பதையும் கண் மருத்துவர்கள் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். இதையெல்லாம் விற்று வாய்ப்பாட்டு வேகத்தை வாங்குவதா? மகனிடம் கறாராகச் சொல்லி, சனிக்கிழமை காலை 10 மணித் தொகுதிக்கு மாற்றிவிட்டோம். மாலையில் பழையபடி தெருவில் சைக்கிள், கிரிக்கெட். பந்து எந்த வீட்டுக்குள் போனது என்ற பஞ்சாயத்தும் உண்டு.

அபாகஸ் போட்டிக்கு ஒரு பத்தி போதும். நுழைவுக் கட்டணம் தனி, போக்குவரத்து தனி, கலந்துகொண்ட எல்லாருக்கும் கோப்பை. எங்கள் வீட்டு டிவி மேல் ஒன்று இருக்கிறது. அப்பா சம்பளத்தில் இன்னொரு செலவு அது, அவ்வளவுதான்.

ஒன்றை மட்டும் நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். இந்தப் பையன் போன வருஷம் கணக்கு நோட்டை எடுத்தாலே வயிறு வலிக்கிறது என்பான். பக்கத்துப் பிள்ளை முடித்துவிட்டான் என்றால் அழுகை. ஆறு வயதுக்கு மேல் பன்னிரண்டு வரை, "நான் தேறுவேனா, மட்டமா" என்ற கணக்கைத்தான் பிள்ளை உள்ளுக்குள் போட்டுக்கொண்டிருக்கும் என்று உளவியலாளர் எரிக் எரிக்சன் எழுதினார். வகுப்பறையில் அதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒரு கவிதையை முழுசாக ஒப்பித்த நாளிலிருந்து நிமிர்ந்து உட்கார்ந்த பிள்ளைகள் உண்டு. பேரனுக்கு அது மளிகைக் கடையில் நடந்தது. அண்ணாச்சி கால்குலேட்டரைத் தேடிக்கொண்டிருந்தபோது இவன் விரலை ஆட்டி 386 என்றான். அண்ணாச்சி பில்லைப் போட்டுப் பார்த்துவிட்டு, "அடேயப்பா, தம்பி கடைக்கு வந்துடு" என்றார். அன்றிலிருந்து வயிற்றுவலி இல்லை. இதை அபாகஸ்தான் கொடுத்ததா, கேரம், சிலம்பம், பாட்டு எது நன்றாக வந்திருந்தாலும் கொடுத்திருக்குமா என்று கேட்டால், கொடுத்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். அவனுக்கு வாய்த்தது இது, அதனால் 900 ரூபாய் எனக்கு வலிக்கவில்லை.

சேர்ப்பதாக இருந்தால் சிலது கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு மிஸ்ஸுக்கு எத்தனை பிள்ளை? எங்கள் தொகுதியில் 12, அதற்கு மேல் போனால் விரலைக் கவனிக்க முடியாது. கட்டணம் மாதாமாதமா, ஒவ்வொரு நிலைக்கும் (லெவலுக்கும்) மொத்தமாகவா? மொத்தமாகக் கட்டினால் பிள்ளைக்குப் பிடிக்காவிட்டாலும் நிறுத்த மனசு வராது. ஒரு வகுப்பைப் பெற்றோர் உள்ளே உட்கார்ந்து பார்க்க விடுவார்களா? விடாத இடத்துக்குப் போகாதீர்கள். வீட்டுப் பயிற்சி தினம் கால் மணி நேரம் உண்டு, அதற்கு ஒருவர் எண் வாசிக்க வேண்டும், ஆள் இல்லாத வீட்டில் பணம் வீண். நாங்கள் பெருக்கல் வரை போய்விட்டு, நாலாம் வகுப்புத் தொடக்கத்தில் நிறுத்துவதாகப் பேசி வைத்திருக்கிறோம். கடைசி நிலை வரை போனால் தங்க மெடலாமே அத்தை என்கிறாள் மருமகள். மகன் இன்னும் வாயைத் திறக்கவில்லை.